மேட்டுக்காரரின் ஒரே பள்ளம்

மகளுக்கு வந்த வரனில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை என்பதுதான் மேட்டுக்காரருக்குப் பெரிய குறையாகப் போயிற்று. பையன் நல்ல வேலையில் இருந்தான். மகளுக்கும் அவனை முன்பே தெரியும். அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வருகிறவர்களின் பார்வையைப் பரிசோதிக்கிறவள். பையன் கண்ணில் ஒரு கோளாறும் இல்லாமலேயே மறுபடி மறுபடி வந்து உட்கார்ந்து, சுவரில் இருந்த எழுத்துகளை அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். பையனின் அப்பா காப்பீட்டு நிறுவனத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா சிரித்த முகம். எல்லாம் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே வந்தவர், வீடு எங்கே என்று கேட்டார்.

"ஏரிக்காட்சிக் குடியிருப்பு. தரைத்தளத்துல சொந்த வீடு" என்றாள் மனைவி.

குடித்துக்கொண்டிருந்த டீ அவருக்கு மூக்கு வழியாக வந்தது.

தொழிலில் எல்லோரும் அவரை மேட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளத்தை மேடாக்குவது அவர் பிழைப்பு. நகரத்தில் ஒரு பக்கம் பழைய கட்டடத்தை இடிப்பார்கள். இடித்த கல்லும் காரையும் எங்காவது போயாக வேண்டும்; தொழிலில் அதற்கு ரப்பிஷ் என்று பெயர். இன்னொரு பக்கம் குளமோ குட்டையோ ஏரியோ சும்மா கிடக்கும். எது சும்மா கிடந்தாலும் நகரத்துக்குக் கை அரிக்கும். மேட்டுக்காரரின் லாரிகள் இங்கே அள்ளி அங்கே கொட்டும். கொஞ்ச நாளில் அங்கே ஒரு வேலி வரும், அப்புறம் ஒரு விளம்பரப் பலகை, அப்புறம் அடுக்குமாடி. குடிவந்தவர்களுக்குக் கடை வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும், ஆஸ்பத்திரி வேண்டும்; அதற்காக மறுபடி எதையாவது இடிப்பார்கள். இந்தச் சுற்றுக்கு நடுவில் நின்று அவர் லாரிக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்தார்.

அவரே ஒரு காலத்தில் இந்த நகரத்தில் வந்து விழுந்த லோடுதான். ஊரில் அவர் வீட்டில் ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். பக்கத்து வயல்காரன் அதைவிட ஆழமாகப் போட்டான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன் பாதாளம் வரைக்கும் இறக்கிவிட்டான். கடைசியில் எல்லோருடைய குழாயிலும் பாரபட்சமில்லாமல் புழுதி வந்தது. நிலத்தை விற்று ஒரு பழைய லாரியை வாங்கிக்கொண்டு கிளம்பினார். அதற்குப் பிறகு ஊரை நினைத்து ஒரு நாளும் ஏங்கியதில்லை. அங்கே கொசுவும் இருந்தது, சித்தப்பாவும் இருந்தார். கொசுவாவது பகலில் சும்மா இருக்கும்.

ஏரிக்காட்சி என்று பெயர் வைத்தவனுக்கு நகைச்சுவை உணர்ச்சி அதிகம். அங்கே நின்றால் மேம்பாலம் தெரியும், செல்போன் கோபுரம் தெரியும், எதிர்வீட்டுக் கொடியில் காயும் பனியன் தெரியும். ஏரி மட்டும் தெரியாது, ஏனென்றால் அதன் மேல்தான் நிற்கிறோம். அந்த ஏரியை மூடியது மேட்டுக்காரர். லோடுக்கு இவ்வளவு என்று பேச்சு. லோடுக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப்பார்க்க ஆள் இல்லை. அதனால் கல்லோடு மெத்தையும் போனது, மெத்தையோடு உடைந்த கதவும் கக்கூஸ் பீங்கானும் போயின, ஒரு சினிமாக் கொட்டகையின் பால்கனி இருக்கைகளோடு போய்ச் சேர்ந்தது. கொட்டியதன் மேல் உருளை விட்டு அமுக்கக்கூட யாருக்கும் பொறுமை இல்லை.

அதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். அந்த ஏரிக்கு ஒரு மதகு இருந்தது. ஏரி நிரம்பினால் தண்ணீர் வெளியே போகிற கல் வாய் அது. அந்தப் பக்கம் ஒரு வாய்க்கால். மேட்டுக்காரர் மதகின் முன்னால் ஒரு கற்பலகையைச் சாத்தி, அதன் மேல் லோடு லோடாகக் கொட்டி மூடினார். மேல்பக்கத்துத் தெருக்களில் பெய்கிற மழையெல்லாம் பழைய பழக்கத்தில் அங்கேதான் ஓடி வரும். வருவதற்கு வழி உண்டு, போவதற்கு வழி இல்லை. இது தெரிந்த ஆள் நகரத்திலேயே ஒருவர்தான், அவர்தான் இப்போது பெண்ணைப் பெற்றவர். குடியிருப்பு எழுந்த நாளிலிருந்து பெரிய மழை எதுவும் பெய்யவில்லை. ஊரே வறட்சியைத் திட்டிக்கொண்டிருந்தபோது அந்தக் கட்டடத்தை அதுதான் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

வரனைத் தட்டிக்கழிக்க அவர் செய்த முயற்சிகள் பரிதாபமானவை.

"பையன் உயரம் கம்மி மாதிரி தெரியுதே" என்றார் மனைவியிடம்.

"நீங்க என்ன தென்னைமரமா? லாரியில ஏர்றப்ப உங்களைக் கீழேயிருந்து ஒருத்தர் தள்ளிவிட வேண்டியிருக்கு."

"மூக்கும் கொஞ்சம் நீளம்."

"மூக்கை வெச்சு அவர் என்ன உழவா போறாரு? பேசாம இருங்க."

"சரி, தரைத்தளம் எதுக்கு? மேல்மாடியில வீடு பார்க்கச் சொல்லு. காத்து நல்லா வரும்."

மனைவி காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏங்க, என்ன விஷயம்? எதையோ மென்னு முழுங்குறீங்க."

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் சம்பந்தம் முறியும், அது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் மகள். சின்ன வயதில் அவள் லாரியின் முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். உங்க அப்பா என்ன வேலை செய்கிறார் என்று யாராவது கேட்டால், "எங்க அப்பா நிலம் செய்யுறாரு" என்பாள், ஏதோ கடவுள் விட்டுப்போன மிச்ச வேலையை அப்பா எடுத்துச் செய்வது மாதிரி. அந்தப் பெருமையைத் தன் கையாலேயே உடைக்க அவருக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொல்லாவிட்டால் அவள் ஏரிக்குள் குடித்தனம் போவாள். சொன்னால் அவள் கல்யாணமும் போகும், அப்பாவும் போவார். மேட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டார். மூடுவதில் அவருக்கு அனுபவம் அதிகம்.

கல்யாணத் தேதியைப் பேசி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பையன் வீட்டில் கூப்பிட்டிருந்தார்கள். அன்றைக்கென்று பார்த்து வானம் விடிந்ததிலிருந்து இருட்டிக்கொண்டு நின்றது. இன்னொரு நாள் போகலாமே என்றார். "மழைக்குப் பயந்து தேதியைத் தள்ளிப்போட நாம என்ன உப்பு வியாபாரமா பண்றோம்?" என்று மனைவி புடவையை எடுத்து உதறினாள். மகளோடு மூன்று பேரும் ஏறிய வாடகைக் கார் பாதி வழி போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

பையனின் அப்பா வாசலிலேயே காத்திருந்தார். அவர் அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் தலைவர். வீட்டில் மனைவிகூட அவரைத் தலைவர் என்றுதான் சொல்வாள், ஆனால் சொல்கிற விதம் வேறு. வேலையில் இருந்த காலம் முழுக்க ஊரில் உள்ளவர்களிடம் தீ பிடிக்கும், திருட்டுப் போகும், மாரடைப்பு வரும் என்று பயமுறுத்தியவர், தன் வீட்டுக்கு மட்டும் எதுவும் வராது என்று உறுதியாக நம்பினார்.

"வாங்க சம்பந்தி. பார்த்தீங்களா தரையை? எப்படிப் பளபளன்னு இருக்கு" என்றார்.

மேட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலால் தரையை லேசாகத் தட்டிப் பார்த்தார். டொக் என்று சத்தம் வந்தது. கீழே வெற்றிடம். சுவர் ஓரத்தில் ஒரு விரிசலை மறைத்துப் பூந்தொட்டி வைத்திருந்தார்கள். இந்தக் கூடத்துக்குக் கீழே பால்கனி இருக்கைகள் கிடக்கும் என்று அவர் மனம் கணக்குப் போட்டது. சாப்பிட உட்கார்ந்தபோது அவருக்கு இலவசக் காட்சிக்கு வந்தது போல் இருந்தது.

சோறு போட்டு இரண்டு வாய்கூடப் போகவில்லை. குளியலறையிலிருந்து கொப்புளம் வெடிப்பது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பையனின் அம்மா எழுந்து போய்ப் பார்த்துவிட்டு, "என்னங்க, தண்ணி வெளிய போகாம உள்ள வருது" என்றாள்.

"அது குழாய்ல காத்து அடைச்சிருக்கும்" என்றார் தலைவர். "நீங்க சாப்பிடுங்க சம்பந்தி."

வந்த தண்ணீர் யாருக்கும் அவசரம் காட்டவில்லை. குளியலறைப் படியைத் தாண்டியது, கூடத்துப் பளபளத் தரையில் நிதானமாகப் பரவியது, சாப்பாட்டு மேசைக்கு அடியில் வந்து எல்லோர் காலையும் ஒரு முறை தொட்டுப் பார்த்தது. எல்லோரும் காலைத் தூக்கி நாற்காலிக் கம்பியில் வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் மரியாதைக்குச் சாப்பிட்டார்கள். கல்யாணம் எந்த மாதம் என்று தலைவர் கேட்டார். வாசல் பக்கம் கிடந்த செருப்புகள் சோடி சோடியாக உள்ளே மிதந்து வந்தபோதுதான் பேச்சு நின்றது.

அதன் பிறகு ஒரே களேபரம். கரண்ட் போனது. மேட்டுக்காரரின் மனைவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சம்பந்தியம்மாவோடு சேர்ந்து அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றினாள். பிறகு பையனின் அம்மா மிக்ஸியைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு கட்டில் மேல் ஏறி நின்றாள். வெளியே சங்கத்து மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அது உள்ளே இருக்கும் தண்ணீரை உறிஞ்சி மதிலுக்கு மேலே தெருவில் கொட்டியது. தெரு மேடு, அதனால் கொட்டிய தண்ணீர் வாசல் கேட் வழியாகத் திரும்ப உள்ளே வந்தது. "வேலை நடந்துட்டுதான் இருக்கு" என்று தலைவர் மாடிக்காரர்களைப் பார்த்துக் கத்தினார். மாடிக்காரர்கள் பால்கனியில் சாய்ந்து நின்று, கையில் டீயோடு, ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. மகள் பின்பக்க அறையிலிருந்து ஒரு கிழவரை, பையனின் பெரியப்பாவை, கைத்தாங்கலாகக் கூட்டி வந்துகொண்டிருந்தாள். பாதியில் அவள் கால் சறுக்கியது. பிடித்துக்கொண்டாள், விழவில்லை. ஆனால் சறுக்கிய அந்த ஒரு நொடியில் மேட்டுக்காரர் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்தே பிடிக்கக் கையை நீட்டினார். இன்றைக்கு நான் இருக்கிறேன், நாளைக்கு யார் இருப்பார்கள் என்று நினைத்தார். அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"சம்பந்தி, நீங்க மண்ணு வேலையில ஊறினவரு" என்று தலைவர் தண்ணீரைத் துழாவிக்கொண்டு வந்தார். "இந்தத் தண்ணியை எந்தப் பக்கம் தள்ளினா போகும்?"

"எந்தப் பக்கமும் போகாது" என்றார் மேட்டுக்காரர்.

"அப்படிச் சொன்னா எப்படி?"

"போற வழியை நான்தான் அடைச்சேன்."

சொல்லிவிட்டார். ஒரு தடவை வாய் திறந்தபிறகு நிறுத்த முடியவில்லை. இது ஏரி, இதை மூடியது என் லாரி, பின்பக்கம் கார் நிறுத்துகிற இடத்தில் மதில் ஓரமாக மதகு இருக்கிறது, கற்பலகை சாத்தி மேலே கொட்டினேன், கல்லும் கொட்டினேன் கண்டதையும் கொட்டினேன் என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். அவர் மனைவி நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடி விழும் என்று எதிர்பார்த்து அவர் தலையைக் குனிந்தார்.

"சத்தம் போடாதீங்க" என்றார் தலைவர்.

மேட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். தலைவர் முகத்தில் கோபமே இல்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவர் தோளில் கையைப் போட்டார். "ஏரின்னு மட்டும் வெளிய சொல்லிடாதீங்க சம்பந்தி. இது ஏரின்னு தெரிஞ்சா இங்க ஒரு வீட்டையும் விக்க முடியாது. மழைத்தண்ணி வடிஞ்சிடும், பேர் கெட்டா வடியாது."

"மதகைத் திறந்தா இப்பவே வடியும்ங்க. ஒரு மிஷினைக் கொண்டாந்து தோண்டினா..."

"தோண்டறதா? நடுவுல மதகு கிடைச்சா அப்புறம் யார்கிட்ட என்ன சப்பைக்கட்டு கட்டறது?"

திறந்திருந்த வாசல் வழியாக எல்லாவற்றையும் கேட்டிருந்த ஒரு பால்கனி மேலேயிருந்து, "தலைவரே, தோண்ட எல்லாம் விடாதீங்க! என் வீட்டைப் பார்க்க நாளைக்கு ஆள் வருது!" என்றது. இன்னொரு பால்கனி ஆமாம் போட்டது. முழங்கால் தண்ணீரில் நின்றவர்களும் மாடியில் டீ குடித்தவர்களும் அன்றைக்கு முதல் முறையாக ஒரே கருத்துக்கு வந்தார்கள். மேட்டுக்காரர் வாழ்நாளில் எவ்வளவோ மூடியிருக்கிறார். இவ்வளவு பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் மூடி அவர் பார்த்ததில்லை.

தலைவர் அவர் தோளை விடவில்லை. "நமக்குள்ள இருக்கட்டும். இப்பதான் நாம நெஜமாவே சம்பந்தி ஆயிட்டோம்" என்றார்.

எந்த உண்மை வெளியே வந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்தாரோ, அதே உண்மை கல்யாணத்தை இன்னும் இறுக்கிக் கட்டிவிட்டது. மேட்டுக்காரருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வெட்கம் கெட்ட ஒரு நிம்மதி கொஞ்சம் எட்டிப் பார்த்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அப்போது மாப்பிள்ளைப் பையன் மகளின் பக்கத்தில் வந்து நின்றான். நல்ல பையன்தான். அவளுக்கு ஆறுதல் சொல்லத்தான் வந்தான். "கவலைப்படாதே. நாம இந்த வீட்டுல இருக்க வேண்டாம். தண்ணி வடிஞ்சதும் சுவத்துக்கு ஒரு பெயின்ட் அடிச்சு, அடுத்த மழைக்குள்ள வித்துடலாம்" என்றான்.

"யாருக்கு?" என்றாள் மகள்.

"யாருக்காவது. தினமும்தான் எத்தனையோ பேர் ஊருக்குள்ள வந்து எறங்கறாங்க. வீடு தேடி யாராவது வராமலா போவாங்க?"

"அவங்களுக்குப் பொண்ணு இருந்தா?"

பையனுக்குக் கேள்வி புரியவில்லை. எந்த எழுத்தையும் தவறில்லாமல் வாசித்தவன், எதிரே நின்ற முகத்தை வாசிக்கத் தெரியாமல் விழித்தான். மகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அப்பாவிடம் வந்தாள்.

"அப்பா, நம்ம ஜேசிபி எங்க நிக்குது?"

"அடுத்த தெருவுல. அஸ்திவார வேலைக்கு விட்டிருக்கேன். லாரியும் அங்கதான்."

"கொண்டு வாங்க."

"அவங்க விட மாட்டாங்கம்மா."

"மூடறப்ப யார்கிட்டப் போய்க் கேட்டீங்க?"

மிக்ஸியை இடுப்பில் வைத்திருந்த பையனின் அம்மா கட்டில் மேலிருந்து குரல் கொடுத்தாள். "அண்ணா, தோண்டுங்க. எவன் தடுக்கறான்னு நான் பார்த்துக்கறேன். சுவரெல்லாம் ஓதம், துணியெல்லாம் நாத்தம், பீரோ துரு புடிச்சுப் போச்சு. நான்தான் சரியாத் துடைக்கலைன்னு இத்தனை நாளா இந்தத் தலைவர் எனக்குப் பாடம் நடத்தறாரு."

தலைவர் வாயைத் திறந்தார். அவள் மிக்ஸியைக் கட்டிலில் வைத்துவிட்டுப் புடவை முந்தானையை இழுத்துச் செருகினாள். தலைவர் வாயை மூடிக்கொண்டார்.

ஜேசிபியை மேட்டுக்காரரே ஓட்டி வந்தார். ஓட்டுநர் மழைக்கு எங்கேயோ ஒதுங்கிவிட்டான். பின்பக்கம் மதில் ஓரம் வண்டியை நிறுத்தியபோது அவர் கை கொஞ்சம் தயங்கியது. மதகைத் திறந்தால் இந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. போவது வாய்க்கால் வழியாக அடுத்த ஏரிக்கு. அந்த ஏரியும் இப்போது கிடையாது. அதையும் அவர்தான் மூடினார். அதன் மேல் ஒரு தெரு இருக்கிறது. அந்தத் தெருவில் மாடி எடுத்துக் கட்டிய வீடு ஒன்று, வாசலில் லாரி நிறுத்துகிற இடத்தோடு, அவருடையது. அக்கம்பக்கத்து வீடுகளையும் அவர்தான் கூவிக் கூவி விற்றுக்கொடுத்தார்.

கண்ணாடிக்கு வெளியே மகள் மழையில் நின்று கையைக் காட்டினாள், இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்று. அவர் ஜேசிபியின் இரும்பு வாளியை இறக்கினார்.

சிமென்ட் தளம் அப்பளம் மாதிரி நொறுங்கியது. முதல் அள்ளலில் கல் வந்தது. இரண்டாவது அள்ளலில் ஒரு மெத்தை வந்தது, சொட்டச் சொட்ட. அப்புறம் பீங்கான், கதவு, குளியல்தொட்டி ஒன்று. கடைசியில் சிவப்பு உறை போட்ட சினிமா இருக்கைகள் வரிசையாக, கையோடு கை கோத்த மாதிரி மேலே வந்தன. தான் செய்த நிலம் என்னவென்று ஒவ்வொரு அள்ளலாக மகளுக்கு முன்னால் அவரே எடுத்துப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் அவருக்கு இல்லை, வாளியை மட்டும் பார்த்தார். மாடியில் எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். தலைவர், "அது வெறும் கழிவுத்தொட்டிதான், வேற ஒண்ணும் இல்லை!" என்று படம் எடுக்கிறவர்களுக்கு விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கற்பலகை தட்டுப்பட்டது. வாளியின் பல்லை அதன் விளிம்பில் மாட்டி இழுத்தார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தண்ணீர் ஒரு பக்கமாகத் திரும்பியது, சுழன்றது, மாட்டு மந்தை வேலி தாண்டுவது போல் ஒரு சத்தத்தோடு மதகுக்குள் இறங்கியது. வீட்டுக்குள் இருந்து செருப்புகள் வந்த வழியே வெளியேறிப் போயின. பெரியப்பா கை தட்டினார். மேட்டுக்காரர் இஞ்சினை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளைப் பையன் ஓடி வந்தான். மகளிடம் ஏதோ சொல்லத்தான் வருகிறான் என்று மேட்டுக்காரர் ஆசையோடு பார்த்தார். பையன் நேராகப் போய், பள்ளத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்த தன் காரின் கதவைத் திறந்து, அது கிளம்புகிறதா என்று பார்த்தான்.

வீட்டுக்குத் திரும்ப வாடகைக் கார் எதுவும் அந்தப் பக்கம் வர மறுத்துவிட்டது. மூன்று பேரும் லாரியில் ஏறினார்கள். மனைவி கதவு ஓரம், மகள் நடுவில். எல்லோரிடமும் சேற்று வாடை. மழை விட்டிருந்தது.

"எனக்கு அவர் வேண்டாம்ப்பா" என்றாள் மகள்.

மேட்டுக்காரர் வேகத்தைக் குறைத்தார். "என்னாலதானேம்மா?"

"நீங்க சொன்னதால இல்லை. அவர் சொன்னதால." அவள் முன்னால் சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "உங்க மேலயும் கோபம்தான். சீக்கிரம் தீராது. ஊரெல்லாம் எங்க அப்பா நிலம் செய்யுறாருன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

அவர் தலையை ஆட்டினார். தகுந்த கோபம்தான், அதைக் குறைத்துக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. மனைவி இவ்வளவு நேரமும் எதையோ யோசித்துக்கொண்டு வந்தாள். வாய்க்கால் ஓரமாகச் சாலை திரும்பியபோது அவள் எட்டிப் பார்த்தாள். நுரையும் மரக்கட்டையுமாகத் தண்ணீர் லாரியோடு போட்டி போட்டுக்கொண்டு அதே திசையில் ஓடியது.

"ஏங்க, இது எங்க போகுது?"

அவர் கியரை மாற்றினார்.

"உங்களைத்தான் கேக்கறேன். இந்தத் தண்ணி எங்க போய் நிக்கும்?"

"நம்ம தெருவுல."

மனைவி மெதுவாகத் திரும்பி உட்கார்ந்தாள். "அப்ப நம்ம வீட்டுக்கு அடியில?"

"அதுவும் ஏரிதான்."

"தெரிஞ்சேதான் தோண்டினீங்களா?" என்றாள் மகள்.

"ம்."

இவ்வளவு நேரம் அம்மா பக்கமாகவே ஒடுங்கி உட்கார்ந்திருந்தவள் இப்போது நடுவில் சரியாக உட்கார்ந்தாள். அவள் தோள் அவர் தோளில் பட்டது. மேட்டுக்காரருக்கு அழுகை வந்துவிட்டது. ஓட்டுகிறவன் அழக்கூடாது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினார்.

மனைவி அவரைத் திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தாள். செல்போனை எடுத்தாள். "பக்கத்து வீட்டுல கைக்குழந்தை இருக்கு. எதிர்வீட்டு மனுஷன் காலை ஒடிச்சுக்கிட்டுப் படுத்திருக்காரு. எல்லாரும் மாடிக்கு ஏறணும், சீக்கிரம்." எண்ணைத் தேடி அழுத்தினாள். மணி அடிப்பது வெளியே கேட்டது. பிறகு என்ன நினைத்தாளோ, போனை அவர் காதில் கொண்டுவந்து வைத்து அழுத்திப் பிடித்தாள்.

"நீங்களே சொல்லுங்க. ஒரு தடவை சொல்லிப் பழகியாச்சுல்ல."

எதிர்முனையில் பக்கத்து வீட்டுக்காரரின் குரல், "என்னங்க மேட்டுக்காரரே, மழையெல்லாம் எப்படி?" என்று சந்தோஷமாகக் கேட்டது.